முன்கணித்தல் - நோக்கல் - விளக்கல்

முன்கணித்தல் - நோக்கல் - விளக்கல் என்பது அறிவியல் வகுப்புகளில் ஆய்வுச் சிந்தனையையும் படைப்புச் சிந்தனையையும் வளர்க்கப் பயன்படும் ஒரு கற்பித்தல் முறை ஆகும். ரிச்சர்டு வைட், ரிச்சர்டு கன்சுடன் ஆகியோர் 1992இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளனர்.

சோதனைக்கு முன்பே, என்ன நிகழும், ஏன் நிகழும் என்பதை ஒவ்வொரு மாணவரும் எழுதிவைக்க வேண்டும். வாய்மொழியாக மட்டும் கூறினால், முடிவைக் கண்டபின் கருத்தை மாற்றிக்கொள்வது எளிது. பின்னர் சோதனையை நோக்கி, கணித்ததற்கும் கண்டதற்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு

நீருள்ள தட்டில் எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடினால், சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறும். தீர்ந்துபோன ஆக்சிசனின் இடத்தை நீர் நிரப்பியது என்பதே பலரும் கூறும் விளக்கம். காற்றில் ஏறத்தாழ 21% ஆக்சிசன் இருப்பதால் இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் ஆக்சிசன் முழுதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரிதலால் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன.

இங்கு, அதே குவளைக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை வைத்தால் என்னவாகும் என்று கணிக்கச் சொல்லலாம். ஆக்சிசனின் அளவு கூடவில்லை. எனினும் நீர் முன்னிலும் உயரமாக ஏறுகிறது. அதுவும் பெரும்பாலும் சுடர் அணைந்த பின்னரே ஏறுகிறது. சூட்டால் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறுவதும், எஞ்சியது குளிர்ந்து சுருங்குவதுமே இதன் முதன்மைக் காரணங்கள்.

இவ்விளக்கத்தைச் சோதிக்கும் வழியை மாணவர்களையே வடிவமைக்கச் செய்வது இம்முறையின் சிறந்த பகுதி எனலாம். சுடரே இல்லாமல், வெந்நீரால் சூடாக்கிய வெற்றுக் குவளையை நீரில் கவிழ்த்துப் பார்ப்பது அவ்வாறான ஒரு வழியாகும். குவளை குளிரும்போது அதிலும் நீர் ஏறும்.