பழைய பிசியில் ஹார்ட் டிஸ்க் மாட்டப் போறீங்களா? ஸ்விட்ச் போடும் முன் இதைப் படிங்க

தர்மபுரி - ஓசூர் ரயில் பாதையில் இருக்கும் மாரண்டஹள்ளி மாதிரி ஓர் ஊரில், அச்சகத்துப் பரணிலோ பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மூலையிலோ 1980-களின் கம்ப்யூட்டர் ஒன்று கண்ணில் பட்டால் என்ன நடக்கும்? ‘பழசுதானே, எடைக்குப் போட்டுடலாம்’ என்பார் ஒருவர். ‘ஓடுதான்னு பார்ப்போம்’ என்று பிளக்கைச் செருகுவார் இன்னொருவர். இரண்டுமே அவசரம்தான். முதல் ஆள் பெட்டியை இழப்பார். இரண்டாவது ஆள், அதற்குள் இருப்பதை இழக்கக்கூடும்.

அந்தக் காலத்து பிசியில் ஹார்ட் டிஸ்க் மாட்டுவது, இன்றைய லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. மாற்றுவது போல இல்லை. டிஸ்க் தனி, அதை இயக்கும் கன்ட்ரோலர் கார்டு தனி. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள உறவு புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரா?

ஆமாம். 1981 ஆகஸ்ட்டில் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பிசியில் (மாடல் எண் 5150) ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஃப்ளாப்பிதான், அது இல்லாவிட்டால் ஆடியோ கேசட்டில் சேமிக்கலாம். 1983 மார்ச்சில் வந்த எக்ஸ்.டி. மாடலில்தான் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க் வந்தது. இன்றைய செல்போனில் எடுக்கும் மூன்று, நான்கு போட்டோவிலேயே அது நிறைந்துவிடும்.

ஐ.பி.எம். 1978-லேயே இந்தியாவை விட்டுப் போயிருந்தது. 1984 நவம்பரில் ஒன்றிய அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கெடுபிடியைத் தளர்த்தியது. அதன்பின் எச்.சி.எல்., விப்ரோ போன்ற நிறுவனங்களின் பிசிகள் சந்தையில் பெருகின. ஆகவே, உங்களுக்குக் கிடைக்கும் பெட்டியில் ஐ.பி.எம். பெயர் இல்லாமல் போகலாம். எக்ஸ்.டி. ரகம் என்றால் உள்ளமைப்பு கிட்டத்தட்ட அதேதான்.

கன்ட்ரோலர் கார்டு எதற்கு?

இன்றைய டிஸ்க்குக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டரே இருக்கிறது. எக்ஸ்.டி. காலத்து டிஸ்க்குக்கு அப்படி மூளை கிடையாது. தட்டைச் சுழற்றும், தலையை முன்னும் பின்னும் நகர்த்தும், தட்டில் இருக்கும் காந்தத் துடிப்புகளை அப்படியே கேபிளில் அனுப்பும். அவ்வளவுதான். எந்தத் துடிப்பு எந்த எழுத்து, ஒரு செக்டார் எங்கே தொடங்குகிறது, படித்தது சரியா என்றெல்லாம் முடிவு செய்வது மதர்போர்டில் செருகிய கன்ட்ரோலர் கார்டு. தகவலை எழுத அது பயன்படுத்திய முறைக்கு எம்.எஃப்.எம். என்று பெயர்.

அந்த எக்ஸ்.டி.யில் பயன்பட்ட சீகேட் எஸ்.டி.-412 டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். 306 சிலிண்டர், 4 தலை, ஒரு டிராக்குக்கு 17 செக்டார், ஒரு செக்டாரில் 512 பைட். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 1 கோடியே 6 லட்சம் பைட். அதுதான் அந்த 10 எம்.பி.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. செக்டாருக்கு எல்லைக்கல் போடுவது கார்டுதான். ஒவ்வொரு நிறுவனத்தின் கார்டும் அதைத் தன் வழியில் போடும். ஒரு கார்டு எழுதியதை வேறு நிறுவனத்தின் கார்டு பல நேரம் படிக்காது. டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு கார்டைத் தூக்கிப் போட்டால், பெட்டியை வைத்துக்கொண்டு சாவியைத் தொலைத்த கதைதான். டிஸ்க்கும் கார்டும் ஜோடி.

1986 வாக்கில் வந்த ஐ.டி.இ. முறையில் கன்ட்ரோலர் டிஸ்க்கின் முதுகிலேயே ஏறிவிட்டது. உங்கள் பெட்டியில் எது என்று கண்டுபிடிப்பது சுலபம். டிஸ்க்குக்கு 40 கம்பி கொண்ட ஒரே கேபிள் போனால் ஐ.டி.இ.; அதைக் கழற்றி யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக லேப்டாப்பில் படிக்கப் பல சமயம் முடியும். 34 கம்பியில் அகலமாக ஒன்று, 20 கம்பியில் குறுகலாக ஒன்று என இரண்டு கேபிள் போனால், பெரும்பாலும் எம்.எஃப்.எம். இனி வருவதெல்லாம் அந்த ரகத்துக்கு.

கரன்ட் கொடுக்கும் முன்

முதலில் வோல்டேஜ். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் 110 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம்மூர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பவர் சப்ளை காலி. பின்புறம் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, பழைய கெப்பாசிட்டர்கள். பல வருடம் சும்மா கிடந்த பவர் சப்ளையில் இவை வெடித்துப் புகை வருவது சகஜம். டிவி, யு.பி.எஸ். பழுது பார்க்கும் அனுபவசாலி ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் கேபிள்களைக் கழற்றிவிட்டு, வெறும் மெஷினை முதலில் சோதிப்பது நல்லது.

மூன்றாவது, பவர் போதுமா? 5150 மாடலின் பவர் சப்ளை 63.5 வாட்தான். எக்ஸ்.டி.யில் இது 130 வாட். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது கூடுதல் கரன்ட் இழுக்கும். பழைய மாடலில் டிஸ்க்கைச் சேர்த்தவர்கள் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டி வந்தது இதனால்தான்.

நான்காவது, பயாஸ் தேதி. 1982 அக்டோபர் 27-க்கு முந்தைய பயாஸ் கொண்ட 5150, கார்டில் இருக்கும் ரோம் சிப்பைத் தேடவே தேடாது. எவ்வளவு நல்ல கார்டு போட்டாலும் கண்டுகொள்ளாது. பயாஸ் சிப்பை மாற்றுவதுதான் வழி.

மாட்டுவது எப்படி?

எக்ஸ்.டி. கன்ட்ரோலர் வழக்கமாக ஐ.ஆர்.க்யூ. 5, டி.எம்.ஏ. 3, போர்ட் முகவரி 320 ஆகியவற்றைப் பிடித்துக்கொள்ளும். இதில் ஒன்றை வேறொரு கார்டும் கேட்டால் மெஷின் தடுமாறும். கார்டில் இருக்கும் ஜம்பர்களை முதலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு தொடுங்கள்.

கேபிளின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு, இணைப்பின் 1-ம் நம்பர் பின் பக்கம் வர வேண்டும். டிஸ்க் ஒன்றுதான் என்றால், அகலக் கேபிளின் கடைசி முனையில் மாட்ட வேண்டும். அந்த டிஸ்க்கில் டெர்மினேட்டர் என்ற ரெசிஸ்டர் பேக் இருக்க வேண்டும். ஆன் செய்ததும் திரையில் 1701 என்று வந்தால், டிஸ்க்கோடு பேச முடியவில்லை என்று அர்த்தம். பதற வேண்டாம். ஆஃப் செய்து, கேபிளையும் ஜம்பரையும் மறுபடி பாருங்கள்.

கைவைக்கக் கூடாத ஒரு கட்டளை

பழைய வழிகாட்டிகள் எல்லாமே அடுத்த படியாக ஒன்றைச் சொல்லும். டாஸில் டீபக் புரோகிராமைத் திறந்து ‘ஜி=சி800:5’ என்று தட்டுங்கள் என்று. இது கார்டின் ரோமில் இருக்கும் லோ லெவல் ஃபார்மேட்டை இயக்கும். தட்டு முழுக்க எல்லைக்கற்களைப் புதிதாகப் போடும். அதன்பின் எஃப்டிஸ்க், பிறகு ஃபார்மேட். காலி டிஸ்க்குக்கு இது சரியான வழிதான்.

ஆனால் உள்ளே ஃபைல் இருக்கும் டிஸ்க்கில் இதைச் செய்தால், எழுதியது மொத்தமும் போய்விடும். டெலீட் செய்த ஃபைலை மீட்பது போல இதை மீட்க முடியாது. அதனால் மெஷினைத் தொடும் முன் ஒரே கேள்வி: இந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா? தெரியாது என்றால், ஃபார்மேட் பற்றிய பேச்சே வேண்டாம்.

அப்போ எப்படித்தான் காப்பி எடுப்பது?

இங்கேதான் இரண்டாவது கன்ட்ரோலர் கார்டு உதவும். எக்ஸ்.டி.-ஐ.டி.இ. என்ற 8 பிட் கார்டை ஆர்வலர்கள் திறந்த வடிவமைப்பாக உருவாக்கியிருக்கிறார்கள். இதில் கேமராக்களில் பயன்பட்ட காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை ஹார்ட் டிஸ்க் போல மாட்டலாம். காரணம், அந்தக் கார்டு ஐ.டி.இ. மொழியைத் தானே பேசும். லோ லெவல் ஃபார்மேட்டும் தேவையில்லை.

பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, ஃப்ளாஷ் கார்டை மட்டும் வைத்து எஃப்டிஸ்க், ஃபார்மேட் செய்யுங்கள். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது எஃப்டிஸ்க் ஓட்டினால், விரல் தவறிப் பழையது அழியலாம். டாஸ் 3.3 என்றால் ஒரு பார்ட்டிஷன் 32 எம்.பி.க்கு மேல் போகாது. டாஸ் 5 என்றால் 2 ஜி.பி. வரை போகலாம்.

பிறகு மெஷினை அணைத்து, பழைய ஜோடியை அப்படியே மறுபடி மாட்டுங்கள். புதிய கார்டின் ரோம் முகவரியும் போர்ட் முகவரியும் பழையதோடு மோதாமல் இருக்க வேண்டும். ‘டிர்’ போட்டு எந்த எழுத்து எந்த டிஸ்க் என்று உறுதி செய்த பிறகே காப்பி. முடிந்ததும் ஃப்ளாஷ் கார்டைக் கழற்றி, லேப்டாப்பில் கார்டு ரீடர் வழியாகப் படிக்கலாம். 20 எம்.பி. டிஸ்க் என்றாலும் ஒரு வாட்ஸ்அப் வீடியோ அளவுதான்.

பழைய கன்ட்ரோலர் செத்துப்போயிருந்தால்? பீகிள்போன் போர்டை வைத்து உருவாக்கப்பட்ட எம்.எஃப்.எம். ரீடர் ஒன்று இருக்கிறது. தட்டிலிருந்து வரும் துடிப்புகளை நேரடியாகப் பதிவு செய்து, பல வகைக் கன்ட்ரோலர்களின் எழுத்து முறையை அது கணினியில் பிரித்துப் படிக்கும். டிஸ்க் சுழன்றாலே போதும், வாய்ப்பு இருக்கிறது.

ஃபைல் கிடைத்தும் தமிழ் தெரியவில்லையே!

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். டாஸ் காலத்தில் தமிழுக்கு ஒரே எழுத்துமுறை இல்லை. புனேயின் சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்ற கார்டையே பிசிக்குள் செருகி இந்திய மொழிகளைத் திரையில் கொண்டுவந்தது. அதற்கு அடிப்படையான இஸ்கி முறை 1991-ல் இந்தியத் தரமானது. விண்டோஸ் வந்த பிறகு ஃபான்ட் நிறுவனங்கள் ஆளுக்கொரு முறையில் போயின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித்தான் டாம், டாப் என்ற தரங்களே வந்தன. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல்.

எனவே, 1990-களின் ஃபைலை இன்று திறந்தால் எழுத்துக் குப்பையாகத் தெரியலாம். அது கெட்டுப்போன ஃபைல் அல்ல. டாப், டாம், திஸ்கி, பாமினி போன்றவற்றை யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. அதில் அடங்காத முறை என்றால், அந்த ஃபான்ட்டும் மென்பொருளும் இருந்தால்தான் வழி பிறக்கும். ‘டாக்குமென்ட் மட்டும் போதும்’ என்று நினைக்காமல் டிஸ்க்கை முழுசாகக் காப்பி எடுக்கச் சொல்வது இதனால்தான். அதே ஃபைலின் பழைய அச்சுப் பிரதி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

செய்ய நேரமில்லை என்றால்?

தப்பில்லை. ஆனால் எடைக்குப் போட வேண்டாம். வேறு ஊருக்கு எடுத்துப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எஸ்.டி.-412, எஸ்.டி.-225 போன்ற டிஸ்க்குகள் ஆஃப் ஆகும்போது தலையைத் தானாக ஓரத்தில் நிறுத்தாது. மெஷின் ஓடும் நிலையில் இருந்தால் ‘பார்க்’ அல்லது ‘ஷிப்’ புரோகிராமை ஓட்டிவிட்டு அணையுங்கள். இல்லாவிட்டால், பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், தலை தட்டில் மோதிக் கீறிவிடும். மடியில் வைத்தபடி ரயிலில் போவது மேல்.

அதுவரை, டிஸ்க், கன்ட்ரோலர் கார்டு, இரண்டு கேபிள், ஜம்பர் போட்டோவின் பிரின்ட் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘பிரிக்காதே’ என்று எழுதிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.