அபர்டீன் கரையின் நினைவுத்தூண்

அந்தமானின் தலைநகராகிய போர்ட் பிளேரில், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள அந்நகரின் அபர்டீன் கடலோரத்தில், 1859 மே 17 அன்று வில்லும் அம்பும் ஏந்தி ஆங்கிலேயத் துப்பாக்கிகளை எதிர்த்துப் போரிட்ட பெரும் அந்தமானியருக்காக ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. தனித்தனிப் பேச்சும் வாழிடமும் கொண்டிருந்த பத்துத் தொல்குடிக் குழுக்களையே பெரும் அந்தமானியர் என்ற பொதுப்பெயர் குறிக்கிறது.

1857 எழுச்சியில் தண்டிக்கப்பட்டவர்களை அடைத்து வைக்க மறு ஆண்டே இங்குக் கைதிகள் குடியிருப்பு தொடங்கப்பட்டு, காடுகள் அழிக்கப்பட்டு, கரைகள் பறிபோனதே அப்போருக்குக் காரணம். குடியிருப்பிலிருந்து தப்பி ஓடி, ஓராண்டுக்கு மேல் அந்தமானியரோடு வாழ்ந்து, லீபா என்ற பெண்ணையும் மணந்திருந்த கைதி தூத்நாத் திவாரி, அவர்கள் தாக்க வருவதை முன்கூட்டியே ஆங்கிலேயரிடம் தெரிவித்துவிட்டதால் போர் அந்தமானியருக்குப் பெருந்தோல்வியாக முடிந்தது. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவர் பெயர் ஆவணங்களில் நிலைத்திருக்க, மண்ணுக்காக உயிர்விட்டவர்களின் பெயர்கள் அவற்றில் இடம்பெறவே இல்லை. பெங்களூரு பேகூரில் உள்ள ஏறத்தாழ 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, பெங்களூர்ப் போரில் இறந்தவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது; வீழ்ந்தவனைப் பெயரோடு நினைக்கும் நடுகல் மரபில் வந்த நமக்கு பெயர்களற்ற அபர்டீன் தூணின் வெறுமை உறுத்தத்தான் செய்யும்.

எனினும் அம்மக்களை அழித்தது ஒருநாள் போர் மட்டுமன்று. 1863-இல் அவர்களைப் பழக்கப்படுத்துவதற்கென்று அமைக்கப்பட்ட ‘அந்தமான் இல்லம்’ என்னும் காப்பிடம் வழியாகவும் பிற தொடர்புகள் வழியாகவும் நோய்கள் புகுந்தன. மேகநோயும் 1877-இல் பரவிய தட்டம்மையும் எதிர்ப்பாற்றல் இல்லாத உடல்களைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தன. சில ஆயிரங்களாக இருந்தவர்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேராகவும் 1961-இல் 19 பேராகவும் குறைந்தனர். பின்னர் ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தப்பட்ட அவர்களின் எண்ணிக்கை 2011-இல் 44. பத்துக் குழுக்களுள் ஒன்றின் பேச்சான ‘போ’ மொழியை அறிந்த கடைசி மனிதரான மூதாட்டி போவா 2010 ஜனவரி 26 அன்று மறைந்தபோது, அம்மொழியில் பேச அவருக்குப் பல ஆண்டுகளாகவே துணை யாரும் இருந்திருக்கவில்லை.

தூண் வீரத்தை மட்டும் போற்றுகிறது; நோயில் மாண்டவர்களின் துயரமும் அதே கரையின் வரலாறுதான். இறந்தவர்களின் பெயர்களை இனி மீட்க இயலாது என்றாலும், பத்துக் குழுக்களின் பெயர்களையேனும் அங்குப் பொறிக்க முடியும். மொழியியலாளர் அன்விதா அப்பி பெரும் அந்தமானிய மொழிக்கு அகராதியும் இலக்கணமும் தொகுத்து வைத்திருப்பதால், எஞ்சியுள்ள குடும்பங்களோடு கலந்தாலோசித்து அந்த வாசகத்தை அவர்களின் மொழியிலேயே எழுதுவதற்கும் வழியிருக்கிறது.