வில்லிங்டன் தீவும் நம் வீட்டு விருந்தாளிகளும்

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஆண்டுக்கொரு முறையேனும் ஊரிலிருந்து உறவினர் வந்து தங்காத வீடு இராது. வந்தவர்களை அரண்மனைக்கும், யூதர் தெருவுக்கும், சீன வலைகளைக் காண்பதற்காகக் கோட்டைக்கொச்சிக்கும் அழைத்துச் செல்கிறோம். காயலுக்கு அப்பால் மரங்களும் கிரேன்களுமாய்த் தெரிகின்ற வில்லிங்டன் தீவை மட்டும் கரையில் நின்றபடியே சுட்டிக் காட்டிவிட்டுத் திரும்பி விடுகிறோம். நானும் அவ்வாறே செய்து வந்தவன்தான். சென்ற ஆண்டு லால்குடியிலிருந்து வந்த என் அத்தை அதற்கு இடங்கொடுக்கவில்லை.

“முதன்முதல் இந்த ஊருக்கு வந்தபோது நான் அந்தத் தீவில்தானே வண்டியை விட்டு இறங்கினேன்? உன் அப்பன் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தான். அந்த ஸ்டேஷனை ஒருமுறை பார்க்க வேண்டும்” என்றார்கள்.

ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நான், அந்த ஸ்டேஷன் இப்பொழுது இயங்கவில்லை என்று சொல்லத் தயங்கினேன். கொச்சி ஹார்பர் டெர்மினஸ் என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீவின்மீது எழுந்த நிலையம் அது. பெங்களூரிலிருந்து இத்தீவு வரையில் ஓடியதனாலேயே ஒரு வண்டிக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வந்தது. இன்று அவ்வண்டி கன்னியாகுமரிக்குச் செல்கிறது. தீவை அது எட்டிப் பார்ப்பதும் இல்லை, ஆயினும் ஐலண்ட் என்ற பெயர் மட்டும் அதை விட்டபாடில்லை. திருச்சிச் சீமையார் நன்கறிந்த டீ கார்டன் எக்ஸ்பிரஸும் முன்னாளில் தீவு வரையில் வந்ததே. அத்தை வந்ததும் அதில்தான். அது இப்பொழுது காரைக்காலுக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே ஓடுகிறது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தீவுக்குப் பிரயாணி வண்டிகள் நின்றுபோயின. 2018இல் எர்ணாகுளத்திலிருந்து ஒரு சிறு டீசல் வண்டியை விட்டுப் பார்த்தார்கள். ஏறுவதற்கு ஆளின்றிச் சில வாரங்களிலேயே அதுவும் நின்றது.

இத்தீவு இயற்கையாய் அமைந்ததன்று. கடலும் காயலும் கூடும் முகத்துவாரத்தில் மணல்திட்டு ஒன்று குறுக்கே கிடந்து, பெரிய கப்பல்கள் உட்புக வொட்டாமல் தடுத்து வந்தது. அக்காலத்தில் சென்னை மாகாணக் கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபு, 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியியல் அறிஞரை இங்கே அனுப்பினார். அவர் திட்டை வெட்டி வழி திறந்தார். 1928ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் பத்மா என்னும் கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. தூர்த்தெடுத்த மண்ணை வீணாக்காமல், வெண்டுருத்தி என்ற சிறு தீவை ஒட்டிக் கொட்டிப் புதியதொரு தீவையே நிர்மாணித்துவிட்டார்கள். நம் தெருவிலுள்ள மூத்தோர் சிலர் இன்றும் அதைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘ஐலண்டு’ என்றால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையை ஆட்டோவில் ஏற்றித் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து சென்றேன். தீவினுள் புகுந்ததும் சந்தைக்கடை ஓசை அடங்கிவிடுகிறது. அகன்ற சாலைகள், இருபுறமும் பந்தலிட்டாற்போலத் தூங்குமூஞ்சி மரங்கள். சுங்க அலுவலகம், 1947 முதல் தேயிலை ஏலம் நடந்து வந்த வட்டாரம், கப்பல் ஏஜெண்டுகளின் பழைய கட்டிடங்கள் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 2011இல் வல்லார்பாடத்தில் பெட்டகத் துறைமுகம் திறந்தபின் இங்கே சரக்கு வேலை குறைந்தது. தொழிலாளர் குடியிருப்புகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றின் சுவரில் ஆலங்கன்று வேர்விட்டிருக்கிறது. எஞ்சிய வீடுகளின் கொடிகளில் துணி காய்கிறது, குழந்தைகள் சாலையிலேயே மட்டையடிக்கிறார்கள்.

லட்சத்தீவுக் கப்பல்களும் இத்தீவிலிருந்தே புறப்படுகின்றன. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் கொச்சிக்கு வந்த தீவு மக்கள் மூட்டைகளோடும் குழந்தைகளோடும் கப்பலுக்குக் காத்திருந்தனர். நாம் அங்கே போகவேண்டுமானால் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று சொன்னேன். “பரதேசம் போவது போலவா?” என்று அத்தை வியந்தார்கள்.

ஸ்டேஷன் வாயிலில் இறங்கியபோது அவர்கள் ஒன்றும் பேசவில்லை. புல் மூடிய தண்டவாளத்தைச் சற்றுநேரம் பார்த்தார்கள். “படகுத்துறை எந்தப் பக்கம்?” என்று கேட்டு, தாமே அத்திசையைச் சரியாகக் காட்டினார்கள். அங்கே அரசுப் படகுகள் நிற்கும் துறைக்கு டெர்மினஸ் என்ற பெயர் அழியாமல் இருக்கிறது.

அதன்பிறகுதான் எனக்குத் தொல்லை தொடங்கிற்று. அத்தைக்கு வயது எழுபதைக் கடந்தது. சர்க்கரை வியாதி வேறு. கழிப்பறை வேண்டும் என்றார்கள். சாலையோரம் பொதுக் கழிப்பறை என்று எழுதிய கட்டிடம் ஒன்று இருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி வைத்திருப்பவர் விடுமுறையில் இருப்பதாகக் காவலர் ஒருவர் சொன்னார். அருகிலுள்ள ஓர் அலுவலக வாயிலில் கேட்டேன், வெளியாருக்கு அனுமதியில்லை. உல்லாசக் கப்பலில் வருவோருக்கு 2021இல் திறந்த சாகரிகா முனையம் இருக்கிறது. வசதியுடையோருக்கு 1935 முதல் மலபார் ஹோட்டல் இருக்கிறது. ஆட்டோவில் வந்த கிழவிக்கு எங்கும் ஒரு கதவு திறக்கவில்லை. முக்கால் மணி நேரம் அலைந்தோம். அத்தை அழாத குறைதான். எனக்கோ, ஊரிலிருந்து வந்தவர்களை இப்படி நிறுத்தி வைத்தோமே என்ற வெட்கம்.

கடைசியில் தேநீர்க் கடை நடத்தும் மலையாளப் பெண்மணி ஒருவர் நிலைமையைக் கண்டு, “அம்மே, வரூ” என்று கையைப் பிடித்துத் தம் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றார். திரும்பி வந்தபின் சுக்குக் காப்பி கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். இருவரும் ஒருவர் பாஷை மற்றவருக்குப் பாதியே விளங்கியும், முழங்கால் வலியைப் பற்றி அரைமணி பேசினார்கள்.

மறுநாள் அத்தையைக் கோட்டைக்கொச்சியிலிருந்து ஹைகோர்ட் துறைக்கு வாட்டர் மெட்ரோவில் கூட்டிச் சென்றேன். 2023இல் தொடங்கிய இந்த மின்கலப் படகுகள், 2024 முதல் கோட்டைக்கொச்சிக்கும் வருகின்றன. மிதக்கும் மேடை நீரோடு ஏறி இறங்குவதால் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டமாய் நிற்கின்றன. யாரும் கைகொடுக்காமல் அத்தை தாமே ஏறினார்கள். நிலையத்தில் கழிப்பறையும் உண்டு. முதியோரை அழைத்துச் செல்லும் அன்பர்கள் இதைக் கவனத்தில் வைக்கலாம். தீவுக்குப் போவதானால் காலை வெயிலுக்குமுன் போய், குடிநீர் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவது நலம்.

நம் சங்கத்தின் சார்பில், அக்கழிப்பறைச் சாவியைப் பற்றி உரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். கையெழுத்திட விரும்புவோர் வரும் கூட்டத்துக்கு வரலாம்.

ஊருக்குத் திரும்பிய அத்தை, தெரிந்தவர் வழியாக மணப்பாறை முறுக்குப் பொட்டலம் இரண்டு கொடுத்தனுப்பினார்கள். ஒன்று எங்கள் வீட்டுக்கு. மற்றொன்று அந்தத் தேநீர்க் கடை அம்மாளுக்கு. சென்ற வாரம் தீவுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கதவில் பூட்டு அப்படியே தொங்குகிறது.