தாடித் தாத்தா பொம்மை செய்வோம், கணக்குப் போட்டு விற்போம்!



டிசம்பர் நெருங்கினால் நகரத்துக் கடைகளில் ஸ்டார், குடில், மணி இவற்றோடு இப்போது இன்னொரு பொம்மையும் வரிசையில் நிற்கிறது. உயரமான கூம்புத் தொப்பி, நீண்ட வெள்ளைத் தாடி, நடுவில் உருண்டையாக ஒரு மூக்கு. கண் கிடையாது, வாய் கிடையாது. கடைக்காரர்கள் இதை 'நோம்' என்கிறார்கள். நாம் தாடித் தாத்தா என்றே சொல்லுவோம். பழைய சாக்ஸ், தையல் கடை வெட்டுத் துணி, கொஞ்சம் கம்பளி நூல் இருந்தால் இதை நம் வீட்டிலேயே செய்துவிடலாம். எப்படிச் செய்வது, என்ன விலை சொல்வது என்று பார்ப்போம்.

யார் இந்தத் தாத்தா?

இவருடைய சொந்த ஊர் வட ஐரோப்பா. சுவீடனில் 'தொம்தே' என்றும், நார்வே, டென்மார்க் நாடுகளில் 'நிஸ்ஸே' என்றும் பெயர். அந்த நாட்டு விவசாயக் குடும்பங்களின் பழைய நம்பிக்கைப்படி, இவர் பண்ணை வீட்டில் மறைவாகக் குடியிருப்பவர். எல்லோரும் தூங்கிய பிறகு தொழுவத்தைப் பார்த்துக்கொள்வார், குதிரைக்குத் தீனி வைப்பார். இதற்கு அவர் எதிர்பார்க்கும் கூலி, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒரு கிண்ணம் கஞ்சியும் அதன் மேல் ஒரு கட்டி வெண்ணெயும்தான். அது குறைந்தால் பொல்லாத கோபம் வரும். ஒரு வீட்டில் வெண்ணெயைக் காணோம் என்று மாட்டையே கொன்றுவிட்டாராம். பிறகு கஞ்சியைக் குடித்துப் பார்த்தால் வெண்ணெய் அடியில் கிடந்தது. வருத்தப்பட்டு வேறு மாடு கொண்டுவந்து கட்டினார் என்று கதை போகும்.

1881ல் சுவீடன் கவிஞர் விக்டர் ரிட்பெர்க் இவரைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதற்குப் படம் வரைந்தவர் ஜென்னி நிஸ்ட்ரோம் என்ற பெண் ஓவியர். பிறகு அவர் வரைந்த வாழ்த்து அட்டைகள் மூலமாகத்தான் இந்தத் தாத்தா கிறிஸ்துமஸோடு சேர்ந்து வீடு வீடாகப் போனார். கணவர் நோயாளியாக இருந்ததால், படம் வரைந்தே குடும்பத்தைத் தாங்கியவர் அந்த அம்மா.

"இது கிறிஸ்தவங்க பொருளாச்சே, நம்ம குழுவில செய்யலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. இது வேதாகமத்தில் வருகிற உருவம் இல்லை, நாட்டுப்புறக் கதையில் வருகிறவர். யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

தேவையான பொருட்கள்

• துவைத்த பழைய சாக்ஸ் 1 (அல்லது பனியன் துணி)
• தொப்பிக்குச் சிவப்பு, பச்சை அல்லது சாம்பல் நிறக் கெட்டித் துணி
• தாடிக்கு வெள்ளைக் கம்பளி நூல் (பிரித்த சணல் நாரும் நன்றாக இருக்கும்)
• மூக்குக்கு வெளிர் நிறப் பனியன் துணித் துண்டு
• பஞ்சு, கழுவிக் காயவைத்த மணல், சிறிய பாலிதீன் கவர்
• ஊசி, நூல், கத்தரி

செய்முறை

1. உடம்பு: ஒரு பெரிய கைப்பிடி மணலைக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போடுங்கள். இதைச் சாக்ஸின் விரல் பகுதியில் வைத்து, மேலே பஞ்சு அடையுங்கள். 5 அங்குல உயரம் வந்ததும் நூலால் கட்டி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். அடியைத் தட்டித் தட்டையாக்கினால் பொம்மை சாயாமல் நிற்கும்.

2. தொப்பி: உடம்பின் சுற்றளவை நூலால் அளந்து, 1 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். சுற்றளவு 10 என்றால் 11 அங்குல அடி, 9 அங்குல உயரம் வைத்து முக்கோணமாகத் துணியை வெட்டுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நடுவில் மடித்து, சாய்வான ஓரத்தைத் தைத்துத் திருப்பினால் கூம்பு தயார். கீழ் ஓரத்தை மடித்துத் தையுங்கள்.

3. தாடி: கம்பளி நூலை 8 அங்குலத் துண்டுகளாக 40 வெட்டி, நடுவில் கட்டி, மடித்துத் தொங்கவிடுங்கள். சீப்பால் வாரினால் பஞ்சு போல் விரியும். நுனியைக் கூராக வெட்டி, உடம்பின் முன்பக்கம் மேலாகத் தையுங்கள்.

4. மூக்கு: இரண்டரை அங்குல வட்டமாகத் துணி வெட்டி, ஓரத்தில் நூலோட்டம் போட்டு, பஞ்சு வைத்துச் சுருக்குங்கள். இதைத் தாடியின் உச்சியில் தைக்க வேண்டும்.

5. கடைசியாகத் தொப்பியை மூக்கின் மேல் உட்காரும் அளவுக்கு இழுத்துவிட்டு, சுற்றிலும் தையுங்கள். கண் இருக்க வேண்டிய இடம் தெரியவே கூடாது. அதுதான் இந்தப் பொம்மையின் அழகு.

கவனிக்க வேண்டியவை

• மணலுக்குப் பதில் அரிசி, பயறு போடாதீர்கள். வண்டு வைத்துவிடும். மணலில் ஈரம் இருந்தாலும் துணி பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயட்டும்.
• பசையைவிடத் தையல்தான் உறுதி. மூக்கு விழுந்த பொம்மையைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.
• பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தி, விளக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று வாங்குபவரிடம் சொல்லுங்கள். இது அலங்காரப் பொருள்தான். மூக்கைப் பிய்த்து வாயில் போடும் வயசுப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.
• எல்லாப் பொம்மையும் ஒரே அளவாக இருக்க, முதலில் அட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

விலை எப்படிப் போடுவது?

சகோதரிகளே, இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். "பழைய துணிதானே, வீட்டில சும்மா இருக்கிற நேரம்தானே" என்று சொல்லித்தான் நாம் பலமுறை ஏமாந்திருக்கிறோம். பழைய சாக்ஸ் நாலு பொம்மைக்குக் கிடைக்கும். 50 பொம்மைக்கு ஆர்டர் வந்தால் காசு கொடுத்துத்தான் துணி வாங்கணும். அதனால் முதல் பொம்மையிலிருந்தே பொருளுக்கு விலை போடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கை பழகிய பிறகு ஒரு பொம்மைக்கு அரை மணி நேரம் ஆகிறது என்று வைப்போம். 8 மணி நேர வேலைக்கு 320 ரூபாய் கூலி என்று குழு முடிவு செய்தால், அரை மணிக்கு 20 ரூபாய்.

துணி, நூல், பஞ்சு: 18 ரூபாய்
நம் கூலி: 20 ரூபாய்
கவர், பஸ் செலவு, சேதாரம்: 7 ரூபாய்
அடக்க விலை: 45 ரூபாய்

இதற்கு மேல் லாபம் வைத்து 60 ரூபாய் சொல்லலாம். அதில் 15 ரூபாய் குழுக் கணக்கில் சேரும். இப்போது ஒரு வியாபாரி வந்து, "மொத்தமா எடுத்துக்கறேன், 30 ரூபாய்க்குக் கொடுங்க" என்கிறார். பெரிய ஆர்டர் என்று சந்தோஷப்படுவோம். ஆனால் பொருளுக்கும் மற்ற செலவுக்கும் 25 ரூபாய் போனால், நம் கைக்கு வருவது 5 ரூபாய்தான். நாள் முழுக்க 16 பொம்மை தைத்தால் 80 ரூபாய்! கண்ணும் முதுகும் வலிக்க வேலை செய்து, கால்வாசிக் கூலிதான் மிச்சம். கதையில் வருகிற தாத்தாகூடத் தன் கூலியை விட்டுக்கொடுக்கவில்லையே, நாம் ஏன் விடணும்?

பேரம் பேசலாம், தப்பில்லை. லாபத்தில் குறைத்துக்கொள்ளலாம். கூலியில் கை வைக்கிற விலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

உங்கள் குழு செய்ய வேண்டியது

முதலில் 5 பொம்மை மட்டும் செய்யுங்கள். கடிகாரம் பார்த்து நேரத்தை எழுதி வையுங்கள். அந்த மாதிரியை அக்டோபருக்குள் கடைகளிலும் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் காட்டிவிடுங்கள். டிசம்பர் பிறந்தபின் கேட்டால் அவர்கள் வாங்கி முடித்திருப்பார்கள். வெட்டுவது ஒருவர், தாடி ஒருவர், தொப்பி ஒருவர் என்று வேலையைப் பிரித்தால் சீக்கிரம் முடியும். ஆர்டர் எடுக்கும் முன் மூன்று விஷயங்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்: ஒரு மணி நேரக் கூலி எவ்வளவு, எந்த விலைக்குக் கீழே கொடுக்க மாட்டோம், முன்பணம் எவ்வளவு வாங்குவோம். எழுதியதை எல்லா உறுப்பினருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அப்போதுதான் விலை பேசப் போகிற சகோதரிக்கு, "எங்க குழு தீர்மானம் இது" என்று தைரியமாகச் சொல்ல முடியும்.