செஞ்சிக் கோட்டையில் ரெண்டு களஞ்சியம்... உங்க ஆபீஸ் டேட்டாவுக்கு எத்தனை?

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்த செஞ்சிக் கோட்டைக்குள் நுழைந்தால், ராஜகிரி அடிவாரத்தில் பெரிய களஞ்சியத்தைப் பார்க்கலாம். மூச்சு வாங்க ஏறினால், உச்சியிலும் ஒன்று. 'கீழேயே இவ்ளோ பெருசா இருக்கே, மேல எதுக்கு?' என்று தோன்றும். 1690-ல் தொடங்கி 1698 வரை இழுத்த மொகலாயர் முற்றுகையை நினைத்தால் புரிந்துவிடும். அடிவாரம் கைவிட்டுப் போனாலும் மேலே சோறு இருக்க வேண்டுமே!

கோட்டையிலிருந்து ஊருக்குள் வந்தால் போட்டோ ஸ்டூடியோ, ஆடிட்டர் ஆபீஸ், பத்திர எழுத்தர் அலுவலகம் என எங்கும் கம்ப்யூட்டர்தான். இதுபோன்ற சின்ன ஆபீஸ்களில் பெரும்பாலும் களஞ்சியம் ஒன்றுதான், வேலை பார்க்கும் மெஷினின் ஹார்டு டிஸ்க். அது போனால்? கணக்கையாவது பில்களை வைத்து மறுபடி போடலாம். கல்யாணத்தை மறுபடி நடத்திப் படம் எடுக்க முடியுமா?

மூன்று, நான்கு கம்ப்யூட்டர் இருக்கும் இடத்துக்கு ஒரு குட்டி சர்வர் போதும். 'நாஸ்' எனப்படும் பெட்டி வாங்கலாம். இல்லையென்றால், பழைய டெஸ்க்டாப்பில் புது டிஸ்க் இரண்டு மாட்டி, யுபிஎஸ்ஸோடு ரௌட்டரில் இணைக்கலாம். விண்டோஸில் இருக்கும் 'ஃபைல் ஹிஸ்டரி'யில் அந்த சர்வர் ஃபோல்டரைக் காட்டிவிட்டால், மாறிய ஃபைல்களை மணிக்கொரு முறை நகலெடுக்கும். பழைய வடிவங்களும் இருக்கும் என்பதால், தப்பாகத் திருத்தி சேவ் செய்ததைக்கூட மீட்கலாம். ஆனால், டி டிரைவில் இருக்கும் ஃபோல்டர்களை நாம்தான் சேர்க்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். டேலி கணக்கை, டேலியிலேயே பேக்கப் எடுத்து அந்த ஃபைலை சர்வருக்கு அனுப்புவது நல்லது.

'ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா இருக்கு, அப்புறம் என்ன?' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும். கைதவறி டெலீட் செய்தால், இரண்டிலும் சேர்ந்தேதான் போகும். 2017 மே மாதம் 150 நாடுகளுக்கு மேல் ஆட்டிப்படைத்த 'வான்னாக்ரை' வைரஸ், நெட்வொர்க் வழியாகவே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. எனவே, பேக்கப் ஃபோல்டருக்குத் தனி யூசர், தனி பாஸ்வேர்டு அவசியம். அதோடு வாரம் ஒருமுறை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆபீஸுக்குள் தண்ணீர் வந்தால், கம்ப்யூட்டரும் சர்வரும் சேர்ந்தே நனையும்.

வீட்டில் இருந்த நகல்தான் 'டாய் ஸ்டோரி 2' படத்தையும் காப்பாற்றியது. 1998-ல் பிக்ஸார் ஸ்டூடியோவில் யாரோ தந்த ஒரு தவறான கட்டளையால் படத்தின் ஃபைல்கள் மளமளவென அழிந்தன. பேக்கப் இருந்தது, ஆனால் ஒழுங்காகப் பதிவாகவில்லை. அதை யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்ணின் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்ததால் தப்பித்தார்கள்!

அதனால், மாதம் ஒருநாள் பேக்கப்பிலிருந்து பழைய ஆல்பம் ஒன்றை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.