தனித்துத் தொழில் தொடங்குவோருக்கு எந்தச் சட்ட வடிவம்?

புதுதில்லி: எந்த நிறுவனத்திலும் ஊழியராகச் சேராமல் தனித்துத் தொழில் செய்வோரில் பலர் தேர்ந்தெடுப்பது தனியுரிமைத் தொழில். அதற்கென நிறுவனப் பதிவு தேவையில்லை. ஆனால், உரிமையாளரும் தொழிலும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே. இழப்பீடு கோரும் வழக்கில் தோற்றால், சொந்த வீடும் சேமிப்பும் பறிபோகலாம்.

நாடாளுமன்றம் 2008-இல் இயற்றிய சட்டத்தின் வழியே வந்த வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை இந்த ஆபத்தைக் குறைத்தது. எனினும், அதற்கு இருவர் தேவை. தனியொருவருக்கும் அப்பாதுகாப்பு வேண்டுமென ஜே.ஜே. இரானி குழு 2005-இல் அளித்த பரிந்துரை, 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தில் 'ஒருநபர் நிறுவனம்' என இடம்பெற்றது. செலுத்திய மூலதனம் ரூ.50 லட்சத்தையோ, ஆண்டு விற்றுமுதல் சராசரியாக ரூ.2 கோடியையோ தாண்டினால் வடிவத்தை மாற்றியாக வேண்டும் என்ற நிபந்தனை 2021 ஏப்ரலில் நீங்கியது.

இப்பாதுகாப்புக்கு விலையும் உண்டு. வருவாய் எவ்வளவு சிறிதாயினும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். பொறியியல், கணக்கியல் போன்ற தொழில்களில் உள்ள தனிநபர், குறிப்பிட்ட வரம்புவரை வரவில் பாதியையே வருமானமாகக் காட்டி வரி செலுத்தலாம். நிறுவனத்துக்கு அச்சலுகை இல்லை. வங்கிக் கடனுக்குச் சொந்தப் பிணை கொடுத்துவிட்டால், அக்கடனைப் பொறுத்தவரை நிறுவனம் என்ற கவசமும் உதவாது.