மைதானம் மறக்காத நாட்கள் – 9: நாற்பத்து நான்கு புள்ளி முன்னிலை

கிரிக்கெட் பார்க்கும் நமக்கு மெல்பர்ன் மைதானம் என்றதும் டிசம்பர் 26 நினைவுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் டெஸ்ட். உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள், அந்த மைதானத்தின் பெரிய நாள் செப்டம்பரில் வரும் ஒரு சனிக்கிழமை என்பார்கள். ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதிப் போட்டி நடக்கும் நாள் அது. 1970 செப்டம்பர் 26 அன்று கார்ல்டனும் காலிங்வுட்டும் மோதியதைப் பார்க்க 1,21,696 பேர் உள்ளே இருந்தார்கள். அப்போது மெல்பர்னின் மக்கள்தொகை சுமார் 25 லட்சம். இருபது பேருக்கு ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. அந்த ஆட்டத்தின் வரலாற்றில் இந்தக் கூட்டத்தை இன்றுவரை எந்தப் போட்டியும் தாண்டவில்லை. இனித் தாண்டவும் வழியில்லை. மைதானத்தை இடித்துக் கட்டி இருக்கைகள் போட்ட பிறகு ஒரு லட்சம் பேருக்குத்தான் இடம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், ஆறு புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் 'பிஹைண்ட்', ஒரே புள்ளி. பந்தைக் கையால் எறியக் கூடாது. ஒரு கையில் ஏந்தி மறுகை முஷ்டியால் குத்தித் தள்ளலாம், அதற்கு 'ஹேண்ட்பால்' என்று பெயர். உதைத்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் 'மார்க்'. பிடித்தவரை அதன்பின் யாரும் இடிக்க முடியாது, நிதானமாக உதைக்கலாம். நான்கு குவார்ட்டர்கள். கோல், பிஹைண்ட் என்ற இந்த ஆறுக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலிங்வுட்டும் கார்ல்டனும் மெல்பர்னின் உள்நகரப் பேட்டைகள். நடுவில் ஃபிட்ஸ்ராய் என்ற பேட்டை மட்டும் குறுக்கே கிடக்கிறது, நடந்தே போய்விடலாம். காலிங்வுட் தொழிற்சாலைப் பேட்டை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையிழந்தவர்களுக்கு அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைதான் மானம். 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு கோப்பை, வேறு எந்த கிளப்பும் அதைச் செய்ததில்லை. கார்ல்டன் கருநீலச் சட்டை, பணமும் செல்வாக்கும் உள்ள கிளப் என்று பெயர். நாட்டின் பிரதமராக நீண்ட காலம் இருந்த ராபர்ட் மென்சீஸ் கார்ல்டன் ரசிகர். காலிங்வுட்காரர்களுக்கு எரிச்சலூட்ட இது ஒன்றே போதும்.

எரிச்சலுக்கு இன்னொரு பெயரும் உண்டு: ரான் பராசி. அப்பா அதே ஆட்டத்தில் மெல்பர்ன் கிளப்புக்கு ஆடியவர், 1941இல் டோப்ருக்கில் போரில் இறந்தார். மகன் மெல்பர்ன் கிளப்பிலேயே வளர்ந்து கேப்டனாகி, காலிங்வுட்டை இறுதிப் போட்டிகளில் திரும்பத் திரும்பத் தோற்கடித்தார். 1964 இறுதிப் போட்டியில் நான்கே புள்ளியில் தோற்கடித்த கையோடு கிளப் மாறி கார்ல்டனுக்கு வந்துவிட்டார். கிளப் மாறுவதே துரோகம் என்றிருந்த காலம் அது, ஊர் கொதித்தது. வந்தவர் 1968இல் கார்ல்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்தார், 21 வருடக் காத்திருப்புக்குப் பிறகு. 1970இல் அவர் கோச் மட்டுமே. எதிரில் காலிங்வுட்டின் கோச் பாப் ரோஸ், அந்த கிளப்பின் பழைய நட்சத்திரம், எல்லோராலும் நல்லவர் என்று சொல்லப்பட்டவர்.

அந்த வருடம் காலிங்வுட் சண்டையோடுதான் தொடங்கியது. வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்குக் கூடுதல் பணம் என்று தெரிந்ததும் கேப்டன் டெஸ் டடன்ஹாமும் துணை கேப்டன் லென் தாம்ஸனும் வெளிநடப்பு செய்தார்கள். திரும்பி வந்தபோது பதவி இரண்டும் போயிருந்தது. ஆனாலும் அணி ஜெயித்துக்கொண்டே போனது. முன்வரிசையில் பீட்டர் மெக்கென்னா அந்த ஒரே பருவத்தில் 143 கோல் அடித்தார். கார்ல்டனை அதே வருடம் மூன்று முறை சந்தித்து மூன்று முறையும் வென்றிருந்தார்கள். இறுதிப் போட்டி நான்காவது சந்திப்பு.

முதல் குவார்ட்டரில் கார்ல்டனுக்கு ஒரு கோல்கூட விழவில்லை. மூன்று பிஹைண்ட், மூன்றே புள்ளி. காலிங்வுட் 32. இரண்டாவது குவார்ட்டரிலும் அதே கதைதான், இரண்டு சம்பவங்களைத் தவிர. மெக்கென்னா பந்துக்காக ஓடி, தன் அணியின் டடன்ஹாமோடேயே மோதிக் கலங்கி விழுந்தார். எழுந்து ஆடினார், அன்று மொத்தம் ஆறு கோலும் அவர் கணக்கில் உண்டு. ஆனால் அதன்பின் பழைய மெக்கென்னா இல்லை. மற்றது, அலெக்ஸ் ஜெஸாலெங்கோவின் மார்க். உக்ரைன் வம்சாவளி, பிறந்தது ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில், போர் முடிந்த வருடம். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டது. உயரமான பந்து ஒன்று வர, காலிங்வுட்டின் கிரேம் ஜென்கின் கீழே நின்று கை தூக்குகிறார். அவருடைய தோள்மேல் ஏறி, அவரைப் படிக்கட்டாக்கி, ஜெஸாலெங்கோ காற்றில் நிற்கிறார். கறுப்பு வெள்ளைப் படத்தில் இன்றும் பார்க்கலாம். பந்து கையில் ஒட்டும் கணத்தில் முழங்கால்கள் ஜென்கினின் தலை மட்டத்தில் இருக்கின்றன. வருடத்தின் சிறந்த மார்க்குக்குத் தரும் பதக்கத்துக்கு இப்போது ஜெஸாலெங்கோவின் பெயர். ஜென்கின் ஒழுங்காக ஆடிய ஆட்டக்காரர், பிறகு எசண்டனுக்கும் ஆடினார். அவரை யாரும் வேறு எதற்கும் நினைவு வைத்திருப்பதில்லை.

அந்த மார்க்கால் ஸ்கோர் மாறவில்லை. இடைவேளையில் காலிங்வுட் 73, கார்ல்டன் 29. வித்தியாசம் 44. காலிங்வுட் ரசிகர்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள்.

இனி சொல்லப்போவதுதான் ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த புராணம். இடைவேளையில் பராசி, என்ன ஆனாலும் பந்தை உதைக்காதே, முஷ்டியால் தள்ளு, ஓடு, மறுபடி தள்ளு என்றாராம். அதுவரை ஹேண்ட்பால் என்பது மாட்டிக்கொண்டவன் தப்பிக்கும் வழி. அன்றிலிருந்து அது தாக்கும் ஆயுதமானது, நவீன ஆட்டம் அந்த அறையில் பிறந்தது என்பார்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. ஜீலாங் அணியின் பாலி ஃபார்மர் அறுபதுகளிலேயே ஹேண்ட்பாலை ஆயுதமாக்கிவிட்டவர். நிற்காமல் ஓடி ஆடும் பாணியை லென் ஸ்மித் என்ற கோச் அதற்கும் முன்பே போதித்துவந்தார். அவருடைய தம்பி நார்ம் ஸ்மித்தான் பராசிக்குக் குரு. தெரிந்த வித்தையைத் துணிந்து கையில் எடுக்கச் சொன்னார் பராசி. அந்தத் துணிச்சல் பெரிதுதான். புராணத்துக்கு அது போதாமல் கண்டுபிடிப்பாக்கிவிட்டார்கள்.

பராசி செய்த இன்னொரு காரியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அன்றைய விதிப்படி மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டே பேர். வெளியே போனவர் திரும்ப உள்ளே வர முடியாது. பெர்ட் தார்ன்லியை வெளியே எடுத்துவிட்டு, பெஞ்சில் இருந்த டெட் ஹாப்கின்ஸை அனுப்பினார். ஒல்லியான, பொன்னிற முடிக்கார இளைஞர், அணியில் நிரந்தர இடமே கிடையாது. மூன்றாவது குவார்ட்டர் தொடங்கிச் சில நிமிடங்களில் ஹாப்கின்ஸ் ஒரு கோல் அடித்தார், உடனே இன்னொன்று. காலிங்வுட்டின் பின்வரிசைக்கு இவரை யார் பிடிப்பது என்றே புரியவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் ஏழு கோல் விழுந்தன. அந்தக் குவார்ட்டர் முழுக்க கார்ல்டன் எட்டு கோல் அடித்தது, ஒரு பிஹைண்ட்கூட இல்லை. எட்டு முறை பார்த்தது, எட்டும் நடுவே போனது. 44 புள்ளி 17 ஆகச் சுருங்கியது.

கடைசிக் குவார்ட்டரில் காலிங்வுட்டுக்கு ஒரே ஒரு கோல். கால்கள் ஓய்ந்துவிட்டன, மனமும்தான். கார்ல்டன் ஐந்து கோல் அடித்தது; கடைசிக் கோல் ஜெஸாலெங்கோவுடையது, காவலுக்கு ஆளே இல்லாத கம்பங்களுக்கு நடுவே பந்து தானாகத் துள்ளித் துள்ளி உள்ளே போயிற்று. 111க்கு 101. ஹாப்கின்ஸ் கணக்கில் நான்கு கோல்.

இப்போது அந்த ஆறையும் ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். கார்ல்டன் 17 கோல், 9 பிஹைண்ட். மொத்தம் 26 தடவை புள்ளி எடுத்தார்கள். காலிங்வுட் 14 கோல், 17 பிஹைண்ட், 31 தடவை. அதிகம் வாய்ப்பு உண்டாக்கியவர்கள் தோற்றார்கள். அந்தப் பதினேழில் பதின்மூன்று, ஆட்டம் கையில் இருந்த முதல் பாதியிலேயே வீணானவை. அதில் மூன்று மட்டும் நடுவே போயிருந்தால் பராசியின் இடைவேளைப் பேச்சை இன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். காலிங்வுட் தோற்றது இரண்டாம் பாதியில் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், அடி விழுந்தது எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்த முதல் பாதியில்.

பாப் ரோஸை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. கோச்சாக அவர் மூன்று இறுதிப் போட்டிகளுக்கு அணியைக் கூட்டிவந்தார். 1964இல் நான்கு புள்ளியில் தோல்வி, 1966இல் ஒரே புள்ளியில், 1970இல் பத்து. மொத்தம் பதினைந்து புள்ளி. மூன்று கோப்பை அதில் போனது. அடுத்த பருவத்தோடு பொறுப்பிலிருந்து விலகினார். இறுதிப் போட்டி என்றால் காலிங்வுட்டுக்குக் கை நடுங்கும் என்று ஊரே கேலி பேசத் தொடங்கியது. 1958இல் வாங்கிய கோப்பைக்கு அடுத்த கோப்பையை அவர்கள் தொட்டது 1990இல்தான்.

ஹாப்கின்ஸ் அதற்குப் பிறகு ஆடியது ஒரே ஒரு ஆட்டம். 1971இல் அதை ஆடிவிட்டு, சலித்துப்போய் விட்டுவிட்டார். பல வருடங்கள் கழித்து 'சாம்பியன் டேட்டா' என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஆஸ்திரேலியக் கால்பந்தில் யார் எத்தனை உதை உதைத்தார், எத்தனை ஹேண்ட்பால் தள்ளினார் என்று ஒவ்வொன்றையும் எண்ணிப் பதியும் நிறுவனம் அது.

ஒன்பது வருடம் கழித்து இதே மைதானத்தில் இதே இரண்டு அணிகள் மறுபடி இறுதிப் போட்டியில் சந்தித்தன. இந்த முறை கார்ல்டனின் கேப்டனும் கோச்சும் ஜெஸாலெங்கோவே. வித்தியாசம் ஐந்து புள்ளி. கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று காலிங்வுட்காரர்கள் இன்றும் சத்தியம் செய்யும் ஒரு பந்தும், அதன்மேல் பாய்ந்த வெய்ன் ஹார்ம்ஸும் அடுத்த வாரம்.

(தொடரும்)